சுகர் ஏறும் மீன்: டிரவுட்டின் கல்லீரலில் புரதம் செய்யும் வேலை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ஒரு மீனுக்கு சுகர் டெஸ்ட் எடுக்க முடியுமா? முடியும். பல பத்து வருஷமா எடுத்துக்கிட்டும் இருக்காங்க. அதுல அதிகமா ஊசி குத்தப்பட்ட மீன், ரெயின்போ டிரவுட். குளிர்ந்த, ஓடுற தண்ணியில வாழற மீன். வட அமெரிக்காவோட பசிபிக் பக்கத்து ஆறுகள்தான் இதுக்குச் சொந்த ஊர். அங்கிருந்து உலகம் பூரா கொண்டுபோய் விட்டாங்க. நம்ம நீலகிரியில அவலாஞ்சி வரைக்கும் வந்திருக்கு.

இந்த மீனுக்கு மாவுச்சத்து அதிகமா இருக்கிற தீனியைக் கொடுத்துட்டு, சில மணி நேரம் கழிச்சு ரத்தத்தைச் சோதிச்சா, சர்க்கரை அளவு 200 மில்லிகிராமைத் தாண்டிப் போகும். ஆரோக்கியமா இருக்கிற ஒரு மனுஷர் நாலு இட்லி சாப்பிட்டா, ஏறின சர்க்கரை ரெண்டு மூணு மணி நேரத்துல பழைய நிலைக்குத் திரும்பிடும். டிரவுட்டுக்கு அது முழுசா இறங்க ஒரு நாள்கூட ஆகலாம். ஒரு டாக்டர்கிட்ட இந்த ரிப்போர்ட்டை மட்டும் காட்டினா, நோயாளி யாருன்னுகூடக் கேட்காம மாத்திரை எழுதிடுவார்.

ஆனா அந்த மீன் நல்லா நீந்துது, வளருது. அப்போ அது ரத்தத்துல என்னதான் நடக்குது? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். விடை மாவுச்சத்துல மட்டும் இல்லை. பெரும்பகுதி புரதத்துல இருக்கு.

முதல் சந்தேகம்: இன்சுலின் இல்லையோ?

யாருக்கும் முதல்ல தோணுறது இதுதான். சர்க்கரை இறங்கலைன்னா இன்சுலின் போதலைன்னு அர்த்தம். மீன் ஆராய்ச்சியிலயும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைச்சாங்க.

ஆனா இன்சுலினோட வரலாற்றுலயே மீனுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. நம்ம கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்கள் சின்னச் சின்னத் திட்டுகளா உள்ளே சிதறிக் கிடக்கும். சில மீன்கள்ல அந்தத் திட்டுகள் எல்லாம் ஒண்ணா திரண்டு, கண்ணால பார்க்கிற அளவுக்குத் தனி உருண்டையா இருக்கும். 1922ல ஜான் மெக்லியாட் கனடாவோட நியூ பிரன்ஸ்விக் கடற்கரைக்குப் போய், ஆங்லர் மீன் மாதிரி மீன்கள்ல இருந்து அந்த உருண்டைகளை வெட்டி எடுத்தார். இன்சுலின் அதுல இருந்துதான் வருது, கணையத்தோட மத்த பகுதியில இருந்து இல்லைன்னு காட்டினார். அடுத்த வருஷம் பேன்டிங்கோட சேர்ந்து நோபல் பரிசு வாங்கினவர் இவர்தான்.

ஆக, மீன்கிட்ட இன்சுலின் உண்டு. பின்னாடி மீன் இன்சுலினை அளக்கிறதுக்குன்னே சரியான சோதனை முறைகள் வந்தப்போ, அளவும் குறைச்சல் இல்லைன்னு தெரிஞ்சது. பாலூட்டிகள்ல இருக்கிற அளவுக்குச் சமமா, சில நேரம் அதைவிட அதிகமாவே இருந்தது.

இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. நம்ம உடம்புல இன்சுலினைச் சுரக்க வைக்கிற முக்கியமான ஆள் குளுக்கோஸ். டிரவுட்ல அந்த வேலையைக் குளுக்கோஸைவிட அமினோ அமிலங்கள் நல்லா செய்யுது, குறிப்பா ஆர்ஜினின். அமினோ அமிலம்னா புரதத்தோட செங்கல். டிரவுட்டைப் பொறுத்தவரைக்கும் 'சாப்பாடு வந்துடுச்சு'ங்கிற செய்தியே புரதம் மூலமாத்தான் போகுது.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. ஓடையில வாழற டிரவுட் சாப்பிடறது பூச்சி, புழு, இறால் இனத்துச் சின்ன உயிர்கள், குட்டி மீன். இதுல மாவுச்சத்துன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையா சோறு பார்க்காத குடும்பம் அது.

ரெண்டாவது சந்தேகம்: கதவு திறக்கலையோ?

சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறின குளுக்கோஸைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கணும். உள்ளே வந்த குளுக்கோஸைப் பிடிச்சு வைக்கிற ஒரு என்சைம் இருக்கு, பேரு குளுக்கோகைனேஸ். டிரவுட்கிட்ட இது இல்லை, அதனாலதான் சர்க்கரை வெளியிலயே தங்கிடுதுன்னு ஒரு கருத்து இருந்தது.

பிரான்ஸ் நாட்டுத் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல ஸ்டெஃபான் பான்செராவோட குழு இதை மரபணு மட்டத்துல தேடினது. 2000ஆம் ஆண்டு வாக்குல கிடைச்ச விடை: டிரவுட்டுக்குக் குளுக்கோகைனேஸ் இருக்கு. மாவுச்சத்து கொடுத்தா அது நல்லாவே தூண்டப்படுது. கதவு திறக்குது.

அப்போ சிக்கல் எங்கே? அதே குழு கல்லீரலோட இன்னொரு பக்கத்தைப் பார்த்தாங்க. கல்லீரல் குளுக்கோஸை உள்ளே வாங்கும், புதுசாத் தயாரிச்சு வெளியிலயும் அனுப்பும். நாம பட்டினியா இருக்கும்போது மூளைக்குச் சர்க்கரை வேணுமில்லையா? அப்போ கல்லீரல் அமினோ அமிலம் மாதிரி பொருட்கள்ல இருந்து குளுக்கோஸைச் செஞ்சு கொடுக்கும். நாம சாப்பிட்ட உடனே இன்சுலின் வந்து, 'போதும், நிறுத்து'ன்னு சொல்லும். தயாரிப்பு குறைஞ்சிடும்.

டிரவுட்ல அப்படிக் குறையலை. தீனியில மாவுச்சத்து நிறைய இருந்தும், குளுக்கோஸ் தயாரிக்கிற என்சைம்களோட மரபணுக்கள் அடங்கலை. ரத்தத்துல சர்க்கரை நிரம்பி வழியுது, கல்லீரல் அதுக்கு மேலயும் ஊத்திக்கிட்டு இருக்கு.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கார்ப்பரேஷன் தண்ணி வந்துக்கிட்டு இருக்கு, மொட்டை மாடித் தொட்டி வழியுது, கீழே மோட்டார் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அதை ஆஃப் பண்ண வேண்டியவர் எங்கே போனார்?

ஸ்விட்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது யார்?

இங்கேதான் புரதம் வருது. டிரவுட் பண்ணைத் தீனியில சாதாரணமா 40 சதவீதத்துக்கு மேல புரதம் இருக்கும். சோதனைக்காக மாவுச்சத்தைக் கூட்டினாலும், புரதம் கணிசமாத்தான் இருக்கும். அப்போ கேட்க வேண்டிய கேள்வி மாறுது. மாவுச்சத்து இருந்தும் ஏன் மோட்டார் நிக்கலைங்கிறதைவிட, இவ்வளவு புரதம் இருக்கும்போது அது எப்படி நிக்கும்னு கேட்கணும்.

2003ல அதே பிரெஞ்சுக் குழுவோட ஒரு ஆய்வு வந்தது. புரதம் குறைவா சாப்பிட்ட டிரவுட்களோட கல்லீரல்ல, குளுக்கோஸ் தயாரிக்கிற என்சைம்களோட மரபணு வெளிப்பாடும் குறைவா இருந்தது. மாவுச்சத்துக்கு அசையாத ஸ்விட்ச், புரதத்தைக் குறைச்சதும் அசையுது.

இதுல புரதம் ரெண்டு வேஷம் போடுது. முதல் வேஷம் கச்சாப் பொருள். சாப்பிட்ட புரதம் அமினோ அமிலமா உடையும். வளர்ச்சிக்குத் தேவைப்பட்டது தசையாகும். மிஞ்சினதுல நைட்ரஜன் பகுதியைக் கழட்டிட்டு, மீதி கார்பன் எலும்புக்கூட்டைக் குளுக்கோஸா மாத்தலாம். நமக்கு அந்த நைட்ரஜனை யூரியாவா மாத்தி வெளியேத்துறதுக்கே ஆற்றல் செலவாகும். மீனுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. அம்மோனியாவாவே செவுள் வழியா தண்ணியில விட்டுடும். அதனால புரதத்தை எரிபொருளா பயன்படுத்துறது மீனுக்குக் கட்டுப்படியாகிற வாழ்க்கை.

ரெண்டாவது வேஷம் தூதர். அமினோ அமிலங்கள் செல்லுக்குள்ளே போனதும் டார்னு ஒரு புரதக் கூட்டத்தை உசுப்பி விடும். செல்லோட ஒரு மேனேஜர் மாதிரி அது. சாப்பாடு தாராளமா இருக்கு, கட்டுமான வேலையை ஆரம்பிங்கன்னு சொல்றது அதோட வேலை. ஆனா அது ரொம்ப உற்சாகமாயிட்டா, இன்சுலின் கொண்டு வர்ற செய்தியை வழியிலயே பலவீனமாக்கிடும். இது பாலூட்டிகள்லயும் தெரிஞ்ச விஷயம்தான். டிரவுட்டோட கல்லீரல் செல்களைத் தட்டுல வளர்த்துப் பார்த்தப்போ இதே கதை கிடைச்சது: அமினோ அமிலம் அதிகமா இருந்தா, குளுக்கோஸ் தயாரிப்பை நிறுத்துற இன்சுலினோட பிடி தளர்ந்தது.

இதைச் சரிபார்க்க ஒரு நேரடி வழி, டாரையே அடக்கிப் பார்க்கிறது. அதுக்கு ராப்பாமைசின்னு ஒரு மருந்து இருக்கு. ஈஸ்டர் தீவு மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியாவுல கண்டுபிடிச்சது. அந்தத் தீவோட சொந்தப் பேர் ராப்பா நூயிங்கிறதால மருந்துக்கு அந்தப் பேர். 2014ல வெளியான ஒரு ஆய்வுல இதை டிரவுட்டுக்குக் கொடுத்தாங்க. கல்லீரலோட குளுக்கோஸ் தயாரிப்பு குறைஞ்சது, மீன் சர்க்கரையைச் சமாளிக்கிற திறன் கூடினது. மேனேஜரை உட்கார வெச்சதும் மோட்டாரை ஆஃப் பண்ண ஆள் வந்துட்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் கூடவே சொல்லிடணும். கல்லீரல் மட்டுமே முழுக் காரணம் கிடையாது. மீனோட உடம்புல பெரும்பங்கு தசை. அந்தத் தசை குளுக்கோஸை மெதுவாத்தான் எடுத்துக்கும். அங்கே இன்சுலினை வரவேற்கிற ஏற்பிகளும் குறைவு. வழியிற தொட்டிக்கு வெளியேறுற குழாயும் சின்னது.

கொழுப்புக் கணக்கு

இப்போ கொழுப்புக்கு வருவோம். இங்கேதான் டிரவுட் நம்மகிட்ட இருந்து நல்லா விலகுது.

நம்ம உடம்புல ஒரு ஒழுங்கு இருக்கு. சாப்பிட்ட வேளைக்கு ஒரு வேலை, பட்டினி வேளைக்கு ஒரு வேலை. சாப்பிட்டதும் இன்சுலின் கல்லீரலுக்கு ரெண்டு உத்தரவு போடும்: குளுக்கோஸ் தயாரிக்கிறதை நிறுத்து, மிஞ்சினதைக் கொழுப்பா மாத்திச் சேமி. ஒண்ணு நின்னாத்தான் இன்னொண்ணு ஓடும்.

அதிகப் புரதம் சாப்பிட்ட டிரவுட்ல ரெண்டும் சேர்ந்து ஓடுது. டிரவுட் கல்லீரல் செல்கள்ல நடந்த ஆய்வுகள்ல, அமினோ அமிலங்கள் இன்சுலினோட சேர்ந்து கொழுப்பு அமிலம் தயாரிக்கிற என்சைம்களைத் தூண்டுறதைப் பார்த்திருக்காங்க. இதுவும் அந்த டார் வழியாத்தான். மீனுக்குக் கொழுப்பு தயாரிக்கிற பட்டறை முக்கியமாக் கல்லீரல். அங்கே கச்சாப் பொருளாக் குளுக்கோஸைவிட அமினோ அமிலம்தான் நல்லாச் செல்லுபடியாகுது.

சர்க்கரை இறங்காததுக்கு இதுவும் ஒரு காரணம். நமக்குச் சர்க்கரை மிஞ்சினா, கொழுப்பா மாத்துறது ஒரு வடிகால். டிரவுட்டுக்கு அந்த வடிகாலைச் சர்க்கரை சரியாத் திறக்கிறதில்லை. 2009ல ஒரு சோதனையில, நம்ம வீட்டுப் பெரியவங்க பலர் தினமும் போட்டுக்கிற மெட்ஃபார்மினை மாவுச்சத்து சாப்பிட்ட டிரவுட்டுக்குக் கொடுத்தாங்க. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை மேம்பட்டது. கூடவே கல்லீரலோட கொழுப்பு தயாரிக்கிற திறனும் கூடியிருந்தது. வடிகாலைக் கொஞ்சம் திறந்து விட்டா தொட்டி இறங்குதுங்கிற யோசனைக்கு அது வலு சேர்க்குது.

ஆக மொத்தம், புரதம் அதிகமானா கல்லீரல் ரெண்டு பொருளைச் சேர்த்துத் தயாரிக்குது: ஒரு பக்கம் குளுக்கோஸ், இன்னொரு பக்கம் கொழுப்பு.

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? மனுஷங்களோட டைப் 2 சர்க்கரை நோயில இதே ஜோடியைப் பார்க்கலாம். கல்லீரல், குளுக்கோஸை நிறுத்துங்கிற உத்தரவைக் கேட்காது. கொழுப்பு தயாரிங்கிற உத்தரவை மட்டும் ஒழுங்காக் கேட்கும். அதனாலதான் சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் பலருக்குக் கைகோத்து வருது. நமக்கு நோயா இருக்கிற ஒரு நிலை, டிரவுட்டுக்கு அதோட சாப்பாட்டுக்கு ஏத்த வாழ்க்கை முறை.

வீட்டுல பூனை வளர்க்கிறவங்களுக்கு ஒரு தகவல். பூனையும் கிட்டத்தட்ட இந்தக் கட்சிதான். அதோட கல்லீரலும் குளுக்கோஸ் தயாரிப்பை எப்பவும் ஆன்லயே வெச்சிருக்கும். இனிப்புச் சுவையை உணர்ற மரபணு ஒண்ணு பூனைக்குப் பழுதாகிப் போச்சுன்னு 2005ல கண்டுபிடிச்சாங்க. பால்கோவாவை அது நக்கினா, இனிப்புக்காக இல்லை.

இதுல யாருக்கு என்ன?

சரி, ஒரு மீனோட சுகர் ரிப்போர்ட்டுக்காக இத்தனை வருஷம் ஏன் ஆராய்ச்சி? காரணம் கடல்.

ஊன் உண்ணும் மீனைப் பண்ணையில வளர்க்கணும்னா, அதுக்கு மீனைத்தான் தீனியாக் கொடுக்கணும். பெரு நாட்டுக் கடல்ல பிடிக்கிற நெத்திலி வகை மீன்ல பெரும்பகுதி மனுஷர் தட்டுக்குப் போகாம, காய வெச்சு அரைச்சு மீன்தூளாகுது. நம்ம மேற்குக் கரையில மங்களூர் பக்கத்து ஆலைகளுக்கு மத்தி மீன் போகுது. மத்தி, ஏழை வீட்டுச் சாப்பாட்டுல நல்ல கொழுப்பும் புரதமும் கொண்டு வர்ற மீன். அதை அரைச்சு, விலை அதிகமான இன்னொரு மீனை வளர்க்கிறோம். அந்த மீன் அதுல ஒரு பங்கை எரிச்சுச் சர்க்கரையாக்கி, நைட்ரஜனை அம்மோனியாவாத் தண்ணியில விட்டுடுது. தீனிச் செலவும் வீண், தண்ணியும் கெடுது.

ரோகு, கட்லா மாதிரி கெண்டை மீன்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டே நம்ம ஊர்க் குளங்கள்ல வளர்த்திருக்காங்க. டிரவுட், சால்மன் மாதிரி மீனுக்குச் செரிக்கிற மாவுச்சத்து 20 சதவீதத்தைத் தாண்டினாலே தகராறு.

அதனால தீனி செய்யறவங்க ஒரு தந்திரம் பண்ணினாங்க. ஆற்றலுக்குக் கொழுப்பைக் கொடு, புரதத்தை வளர்ச்சிக்கு மிச்சப்படுத்து. இன்னிக்கு சால்மன் தீனியில 30 சதவீதத்துக்கு மேல கொழுப்பு இருக்கிறது சாதாரணம். கூடவே மீன்தூளுக்குப் பதிலா சோயா மாதிரி தாவரப் புரதம் வந்தது. நார்வேயில 1990ல சால்மன் தீனியில 90 சதவீதம் கடல் பொருட்கள்; 2013ல அது 30 சதவீதத்துக்குக் கிட்ட இறங்கிடுச்சு. பெரிய மாற்றம்தான். ஆனா கொழுப்பையும் ஒரு அளவுக்கு மேல கூட்ட முடியாது. மீனோட வயித்துலயும் சதையிலயும் போய்ப் படியும்.

மிச்சம் இருக்கிற ஆசை, விலை மலிவான மாவுச்சத்தை மீன் நல்லாப் பயன்படுத்தணும்ங்கிறது. 2007ல பிரெஞ்சுக் குழு ஒரு முயற்சி பண்ணினாங்க: முட்டையில இருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் தீனியிலேயே கொஞ்ச நாள் மாவுச்சத்து கொடுத்துப் பழக்கினா? வளர்ந்த பிறகு செரிமான என்சைம்கள்ல சில மாற்றம் நிலைச்சது. கல்லீரல் பழக்கத்தை விடலை. அதனாலதான் புரதத்தோட பங்கு முக்கியமாகுது. மாவுச்சத்தைக் கூட்டிக்கிட்டே போறதுல பயன் குறைவு. புரதத்தை எந்த அளவுக்குக் கொடுத்தா வளர்ச்சி குறையாம மோட்டாரும் அடங்கும்ங்கிறதைக் கண்டுபிடிக்கணும். லைசின், மெத்தியோனின் மாதிரி அத்தியாவசிய அமினோ அமிலங்களைச் சரியாப் பொருத்தினா, மொத்தப் புரதத்தைக் குறைச்சும் தசை வளரும்.

நமக்கும் இதுல நேரடித் தொடர்பு உண்டு. நம்ம தட்டுல வர்ற கொடுவாவும் ஊன் உண்ணிதான். சென்னையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997ல முட்டுக்காட்டுல இதைச் செயற்கையா இனப்பெருக்கம் செஞ்சு காட்டினது. இன்னிக்குக் குளத்துலயும் மிதவைக் கூண்டுலயும் வளர்க்கிறாங்க. அதோட தீனியில என்ன போடறோம்ங்கிறது, வளர்க்கிறவரோட லாபத்தையும் கரையோரத் தண்ணியையும் மத்தி மீனோட எதிர்காலத்தையும் சேர்த்துத் தொடுது.

ஜிம் போறவங்களுக்கு ஒரு வார்த்தை

இதைக் கேட்டுட்டு யாராவது 'புரதம் சாப்பிட்டா சுகர் வரும்'னு ரீல்ஸ் போட்டுடாதீங்க. டிரவுட்டோட கல்லீரல் வேற, நம்ம கல்லீரல் வேற. ஆரோக்கியமான மனுஷர் புரதம் சாப்பிட்டா இன்சுலினும் அதுக்கு எதிரா வேலை செய்யற குளுக்ககானும் சேர்ந்தே கூடும். ரத்தச் சர்க்கரை பெரிசா அசையாது. டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு மட்டும், புரதம் ரொம்ப அதிகமான சாப்பாடு சில மணி நேரம் கழிச்சுச் சர்க்கரையை ஏத்தலாம். அவங்க இன்சுலின் அளவை டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணணும்.

இந்த மீன் கதையில இருந்து ஒண்ணை மட்டும் எடுத்துக்கலாம். ஒரு உணவு நல்லதா கெட்டதான்னு கேட்கும்போது, அது யாரோட கல்லீரலுக்குப் போகுதுன்னும் சேர்த்துக் கேட்கணும். நூறு கிராம் மாவு கெண்டைக்குச் சாப்பாடு, டிரவுட்டுக்குச் சங்கடம்.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட வர்றேன். அதுவரைக்கும் மார்க்கெட்டுல கொடுவா வாங்கினா, பண்ணையா கடலா, பண்ணைன்னா என்ன தீனி போட்டாங்கன்னு மீன்காரம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன பதில் வருதுன்னு எழுதி அனுப்புங்க.